240 அடித் துளையும் 31 அடிக் கிணறும்: குச்சவெளிப் பக்கத்துக் காணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மாமாவின் காணியில் தண்ணீருக்காக இரண்டு இடங்களில் நிலத்தைத் துளைத்தோம். முதலாவதன் வாயைச் சீமெந்தால் அடைத்து, மேலே செவ்வரத்தைச் சட்டி ஒன்றை வைத்திருக்கிறார் மாமி. இரண்டாவதில்தான் இன்று வரை குடிப்பு, குளிப்பு, தோட்டம் எல்லாம். இரண்டுக்கும் இடையில் 35 அடி தூரம்கூட இல்லை. முதலாவதன் ஆழம் 240 அடி, இரண்டாவதன் ஆழம் 31 அடி. ஆழமானது வற்றியது, ஆழமில்லாதது ஊறியது. ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். நிலத்தடி நீர்த் துறையில் பட்டம் ஏதும் இல்லை. ஆனால் இரண்டு வேலையின் போதும் கொப்பியும் நாடாவும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றேன்.

காணியின் கிடை

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகிற வீதியில் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என்று வடக்கே ஏறினால் வலப்பக்கம் கடல் கூடவே வரும். எங்கள் காணி இடப்பக்கம், வீதியிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் உள்ளே. இரண்டு ஏக்கர். மேற்கு எல்லையில் ஆள் உயரத்துக்குப் பாறை தலைகாட்டும். அங்கிருந்து கிழக்கே நிலம் மெல்லச் சரிந்து ஓர் ஓடையில் முடியும். வடமேற்கே கால் மைல் தள்ளிச் சின்ன ஊர்க்குளம் ஒன்று. மாரியில் அது வான் பாய்ந்தால் தண்ணீர் எங்கள் ஓடையால்தான் இறங்கிக் கடற்பக்கம் போகும். மேட்டில் செம்மண், இடையில் மணல் கலந்த களி, ஓடைக்கரையில் சாம்பல் நிறக் களி. ஓடைக்கரையில் இரண்டு மருத மரங்கள்.

மழை இங்கே ஒருபக்கச் சாய்வானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு எட்டு மாதம் நிலம் தன் சேமிப்பில்தான் வாழ வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில் அந்தச் சேமிப்பின் அடிமட்டம் தெரியும். கிணறு பற்றிய எந்தக் கேள்வியையும் அந்த மாதங்களில்தான் கேட்க வேண்டும். தை மாதத்தில் இங்கே எந்தக் கிணறும் நல்ல கிணறுதான்.

குழாய்க் கிணறு என்று ஏன் முடிவெடுத்தோம்

மாமா காணியை வாங்கியது 2019 இல். வீடு எழும்பும் வரை பவுசரில் தண்ணீர் எடுத்தார். 2022 இல் குடிபுகுந்த பிறகு அது கட்டுப்படியாகவில்லை. கிணறு வெட்டுவதா, குழாய்க் கிணறு அடிப்பதா என்ற பேச்சு வந்தபோது, உண்மையைச் சொன்னால், யாரும் வெட்டுக்கிணற்றின் பக்கம் நிற்கவில்லை. குழாய்க் கிணறு ஒரு நாளில் முடியும், வெட்டுக்கிணற்றுக்கு ஒரு மாதம் ஆள் நிற்க வேண்டும். மாமிக்கு நுளம்புப் பயம், பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம். எனக்கோ ஆழத்துத் தண்ணீர் சுத்தமானது என்ற படித்த நம்பிக்கை. மாமாவிடம் எல்லாவற்றையும் விடப் பெரிய வாதம் ஒன்று இருந்தது.

"கன்னியாவில ஏழு கிணத்திலயும் சுடுதண்ணி வருகுது. அது மேல்தண்ணியே? ஆழத்தில தண்ணி இல்லாட்டி அது எங்கயிருந்து வருகுது?"

அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. திருகோணமலைக்குக் கிட்ட உள்ள கன்னியாவில் மழைநீர் பாறை வெடிப்பு ஒன்றின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, திரும்பி மேலே வருகிறது. அங்கே வெடிப்பு இருக்கிறது என்பதற்கு அது சான்று. வெடிப்பு இல்லாத இடத்திலும் ஆழத்தில் தண்ணீர் உண்டு என்பதற்கு அதைச் சான்றாக எடுக்க முடியாது. நாங்கள் அப்படித்தான் எடுத்தோம்.

இடம் குறிக்க நிலையம் பார்க்கிறவர் ஒருவரை மாமா அழைத்து வந்தார். வேப்பங்கவரைப் பிடித்துக்கொண்டு காணியைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கீழ்ப்பக்கத்தில், மருத மரத்துக்கு ஐம்பது அடி மேலே, கவர் கீழே சாய்ந்தது. பிறகு உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்த்தார். அது அதே இடத்தில் நிமிர்ந்தது. "இருபத்தஞ்சு அடியில ஊத்து இருக்கு, மேற்கால இருந்து வருகுது" என்றார். அந்த இருபத்தைந்தை நான் கொப்பியில் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிறகு நடந்ததை அன்றே விளங்கியிருப்பேன்.

துளையிட்ட நாள்

2022 ஆவணியில் ரிக் லொறியும் காற்றழுத்தி லொறியும் விடிய ஆறரைக்கு வந்தன. இது சுழன்றுகொண்டே இடிக்கிற வகை. காற்றழுத்தத்தால் வேலை செய்கிற சுத்தியல் தண்டின் நுனியில் இருக்கும். அது பாறையைத் தூளாக்க, அதே காற்று தூளை மேலே ஊதித் தள்ளும். தண்டு ஒவ்வொன்றும் பத்து அடி. தண்டு மாற்றும்போதெல்லாம் வெளியே வந்த தூளில் ஒரு பிடி எடுத்து, சாக்கின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டு வந்தேன். இந்த ஆய்வில் எனக்குப் பெருமை தருகிற ஒரே வேலை அதுதான்.

முதல் பத்து அடி செம்மண். இரண்டாவது பிடி மணல் கலந்த களி. மூன்றாவதும் நான்காவதும் மஞ்சளும் பழுப்புமான உக்கிய கல். விரலால் நசுக்கினால் பருமணலாக உதிர்ந்தது. 22 அடி தாண்டியதும் தூள் பறப்பது நின்றது. ஈரமாக, உருண்டை உருண்டையாக வந்து விழுந்தது. 30 அடியில் சேற்றுத் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் நின்ற எல்லோரையும் நனைத்தது. மாமா கைகூப்பினார், மாமி தேத்தண்ணி வைக்க உள்ளே போனார்.

38 அடியில் சத்தம் மாறியது. மொத்தென்று விழுந்த இடி 'கிண்' என்று கேட்டது. கெட்டிப் பாறை. 45 அடி வரை இறக்கிவிட்டுத் தண்டுகளை வெளியே எடுத்து, பி.வி.சி. குழாயை மேலிருந்து பாறைக்குள் ஏழு அடி வரை இறக்கிப் பொருத்தினார்கள். இதற்குக் கேசிங் என்று பெயர். மேலே உள்ள தளர்ந்த மண் சரிந்து துளையை மூடாமல் இருக்க இது வேண்டும். எல்லா ரிக்காரரும் செய்கிற முறையான வேலைதான். பிறகு அந்தக் குழாய்க்குள்ளால் சிறிய சுத்தியலை விட்டுத் தொடர்ந்து துளைத்தார்கள்.

அதன் பிறகு ஒரு சொட்டுக்கூட இல்லை. 60 அடி, 90 அடி, எல்லாம் சாம்பல் நிறப் பொடி. காற்று அதைக் கிளப்பி வாழைகளின் மேல் பூசியது. 118 அடியில் சற்று ஈரம் தெரிந்தது. "வெடிப்பு ஒண்டு, இன்னும் போனால் பெரிசா வரும்" என்றார் ரிக் ஓட்டுநர். 150 வந்தது, 180 வந்தது. கூலி அடிக்கணக்கில். அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவரிடமே எங்கே நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை; 240 இல் நிறுத்தலாம் என்று சொன்னவரும் அவர்தான். தொடங்கும் முன்னரே எத்தனை அடியில் நிறுத்துவது என்று நாங்கள் தீர்மானித்திருக்க வேண்டும்.

பிரேத பரிசோதனை

மறுநாள் காலையில் நூலில் கல் கட்டி விட்டுப் பார்த்தேன். 190 அடியில் தண்ணீர் நின்றது. ஊதி வெளியேற்றிவிட்டு, எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று அளந்தோம். பத்து மணித்தியாலத்தில் 20 அடி ஏறியது. 20 அடி என்றால் நிறையத் தண்ணீர் போலத் தெரியும். ஆறு அங்குல விட்டமுள்ள துளையில் ஓர் அடிக்குப் பிடிக்கும் தண்ணீர் ஐந்தரை லீற்றர்தான். ஆகவே 20 அடிக்கு 111 லீற்றர், மணிக்கு 11 லீற்றர். ஒரு நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக எடுத்தாலும் 265 லீற்றர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 120 லீற்றர் என்று வைத்தாலே 600 லீற்றர் வேண்டும்.

வந்த கொஞ்சமும் நல்லதாக இல்லை. தேத்தண்ணியின் மேல் ஆடை படர்ந்தது, பருப்பு வேகவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்தோம். புளோரைட் லீற்றருக்கு 1.4 மில்லிகிராம் என்று வந்தது. இலங்கைக் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 இன்படி உச்ச அளவு 1.0. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு 1.5. எங்களுடையது வெப்ப நாடு, கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறோம், ஆகவே இங்கே வரம்பு இறுக்கம். பல் முளைக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு இது பல்லில் கறையாக நிற்கும். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, மிஞ்சியதில் அது கூடும். உலர் வலயத்துப் பாறைக் கனிமங்களில் புளோரைட் உண்டு. தண்ணீர் பாறைக்குள் நீண்ட காலம் கிடந்தால் அது கரைந்து சேரும். 'ஆழம் என்றால் சுத்தம்' என்ற என் படித்த நம்பிக்கை அன்றோடு முடிந்தது.

சாக்கின் மேல் காய்ந்து கிடந்த தூள்களை ஒரு மாலைப்பொழுதில் திரும்பவும் பார்த்தேன். ஈரமாக வந்த பிடி எது? 22 அடிக்கும் 38 அடிக்கும் இடைப்பட்டது. கேசிங் எங்கே இருக்கிறது? தரையிலிருந்து 45 அடி வரை. அதாவது எங்களை நனைத்த தண்ணீர் வந்த பகுதி முழுவதையும் துளையில்லாத பி.வி.சி. குழாயால் நாங்களே அடைத்துவிட்டு, அதற்குக் கீழே 195 அடி தண்ணீர் தேடியிருக்கிறோம்.

பக்கத்துக் காணி ஐயாவிடம் இதைச் சொன்னேன். எண்பது வயதை நெருங்குகிறவர். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, அந்த மருத மரத்தடியில முந்தி பூவல், சின்னத் தண்ணிக் குழி ஒண்டு இருந்தது. ஆடி மாதத்திலயும் மாடு குடிக்கும். நீங்கள் என்னைக் கேக்கேல்லையே."

கேட்கவில்லைதான்.

பாறைக்குள் தண்ணீர் எங்கே இருக்கும்

இலங்கையின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்கு அடியில் இருப்பது பழம்பெரும் பளிங்குருப் பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைப் போல அதற்குள் குகையும் பொந்தும் இல்லை. வெடிப்பில்லாத கெட்டிப் பாறையில் தண்ணீர் தங்கக்கூடிய இடைவெளி நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. தண்ணீர் இருக்க இரண்டே இடங்கள். ஒன்று, பாறையின் மேற்பகுதி ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உக்கிப் பருமணலும் களியுமாகிக் கிடக்கிற படை. மற்றது, கெட்டிப் பாறைக்குள் ஓடுகிற வெடிப்பு. வெடிப்பை வெட்டினால் குழாய்க் கிணறு அருமையாக ஊறும். வெட்டாவிட்டால் வெறும் ஓட்டைதான். கீழே போகப் போக மேலுள்ள பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகிக் குறைந்துகொண்டு போகும். ஆகவே 120 அடியில் கிடைக்காதது 240 இல் கிடைக்கும் என்று எண்ணுவது பெரும்பாலும் காசைத் துளைக்குள் போடுவதுதான்.

நிலையம் பார்த்தவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் 25 அடியில் ஊற்று என்றார், 22 அடியில் ஈரம் வந்தது. சரியாகத்தானே சொன்னார் என்று மாமா இன்றைக்கும் கேட்பார். என் எண்ணம் வேறு. இந்தக் காணியின் கீழ்ப்பாதியில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே கால் வைத்து வெட்டினாலும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் தண்ணீர் வரும், ஏனென்றால் உக்கிய படை அங்கே விரிப்புப் போலப் பரந்து கிடக்கிறது. 'ஊற்று மேற்கால இருந்து வருகுது' என்கிற போது குழாய் போல ஒரு நீரோட்டம் மனதில் வருகிறது. உண்மையில் அது நனைந்த பஞ்சு மாதிரி. வெட்டுக்கிணற்றுக் காலத்தில் கவர்க்குச்சிக்குக் கிடைத்த நல்ல பெயரில் பெரும்பங்கு அந்தப் பஞ்சுக்கு உரியது. பாறை வெடிப்பைத் தேடுகிற குழாய்க் கிணற்றுக் காலத்தில் அந்தப் பெயர் கெட்டுப்போவதற்கும் அதுவே காரணம். ஆனால் பள்ளம், மருதம், நாவல், புற்று என்று அவர் கண் போகிற இடங்கள் தவறானவை அல்ல. கவரை விட அவருடைய கண்ணை நான் நம்புவேன்.

இரண்டாம் முறை

2023 ஆவணிக் கடைசியில், ரிக்குக்கு முன்னரே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சைக்கிளில் போய்ச் சுற்றியுள்ள பதினொரு கிணறுகளை அளந்தேன். தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடி, அடியில் பாறையா மண்ணா, போன ஆண்டு வற்றியதா, சுவை எப்படி. ஒரு கோலம் தெரிந்தது. குளக்கட்டுக்குக் கீழே ஓடையை ஒட்டிக் கிடந்த ஏழு கிணறுகளும் வற்றவில்லை. பாறை மேட்டில் இருந்த நான்கில் மூன்று வெறும் சேறு. ஊர்க்குளத்தில் தண்ணீர் நிற்கும் வரை, கசிவு நிலத்துக்குள்ளால் இறங்கிக் கீழ்க் கிணறுகளை ஏந்திக்கொண்டிருக்கிறது. குளம் வயலுக்கு மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு மின்தடை அளக்கிற கருவியோடு ஒருவரை வரவழைத்தோம். 1964 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நீர்வளச் சபை இந்த ஆய்வைச் செய்கிறது, தனியாரும் செய்கிறார்கள். நான்கு இரும்புக் கூர்களை ஒரே நேர்கோட்டில் நிலத்தில் அறைவார்கள். வெளியில் உள்ள இரண்டால் மின்னை விட்டு, உள்ளே உள்ள இரண்டுக்கும் இடையில் அழுத்த வேறுபாட்டை அளப்பார்கள். கூர்களை அகற்ற அகற்ற, அளவு ஆழத்துக்குப் போகும். காய்ந்த கெட்டிப் பாறை மின்னை விடாது. தடை ஆயிரக்கணக்கான ஓம்-மீற்றரில் நிற்கும். ஈரமான உக்கிய படையில் அது பத்துகளிலிருந்து சில நூறுகள் வரை வரும். உப்புத் தண்ணீர் என்றால் பத்துக்கும் கீழே விழும். இந்தக் கருவி தண்ணீரைக் காட்டாது. படையின் தடிப்பைக் காட்டும். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. மேற்குப் பக்கத்தில் பாறை 12 அடியில், கிழக்கே ஓடையை நோக்கி 30 முதல் 38 அடியில். அளந்த மூன்று இடங்களிலும் ஆழத்தில் வெடிப்புக்கான அடையாளம் தெரியவில்லை.

இடத்தைத் தெரிவு செய்வதில் ஓர் இழுபறி இருந்தது. மிகத் தடித்த படை இருந்த மூலை மலசலகூடக் குழிக்கு 40 அடியில் வந்தது. 50 அடிக்குக் குறையக் கூடாது என்பதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகச் சொல்வது. குழி மேட்டில், கிணறு பள்ளத்தில் என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். ஆகவே வடக்கே நகர்ந்து, குழியிலிருந்து 90 அடியில், படை 31 அடி தடித்த இடத்தை எடுத்தோம். சாக்கில் கிடந்த தூள் சொன்ன அதே படை, அதே துளையிலிருந்து 35 அடிக்குள்.

வெட்டு

உள்விட்டம் ஆறு அடி என்று தீர்மானித்தோம். ஆறடிக் கிணற்றில் ஓர் அடி உயரத் தண்ணீர் 800 லீற்றர். குழாய்க் கிணற்றில் ஓர் அடி ஐந்தரை லீற்றராக இருந்ததை நினைத்துப் பாருங்கள். மெல்ல ஊறுகிற படைக்கு அகலமான கிணறு தாங்கியாகவும் வேலை செய்கிறது: இரவு முழுக்க ஊறியதைக் காலையில் ஒரேயடியாக எடுக்கலாம்.

மூன்று பேர், புரட்டாதி முழுவதும். 19 அடியில் சுவர் வியர்த்தது. 24 அடியிலிருந்து தண்ணீரை வெளியேற்றாமல் வெட்ட முடியவில்லை. இங்கேதான் ஒரு வாக்குவாதம் நடந்தது. வழக்கமாகப் பெற்றோல் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டுவார்கள், ஏனென்றால் மேலே வைத்த பம்பால் 25 அடிக்குக் கீழே இருந்து இழுக்க முடியாது. கணக்கின்படி 34 அடி வரை வளியமுக்கம் தண்ணீரைத் தூக்கலாம். நடைமுறையில் 25 தான். ஆனால் கிணற்றுக்குள் எஞ்சின் ஓடினால் அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு அடியிலேயே தங்கி நிற்கும். மணமும் நிறமும் இல்லாத வாயு, ஆள் மயங்கி விழும் வரை தெரியாது. விளக்கு இறக்கிப் பார்க்கிற பழைய சோதனை ஒட்சிசன் குறைவைக் காட்டும், இதைக் காட்டாது. முந்தி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. நான் ஒற்றைக் காலில் நின்று, மின்சார நீர்மூழ்கிப் பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுக்கச் செய்தேன். பம்ப் ஓடும்போது உள்ளே ஆள் இல்லை, ஆள் இறங்கும்போது பம்ப் இல்லை. இதனால் வேலை நாலு நாள் இழுத்தது. மாமா முணுமுணுத்தார்.

31 அடியில் அலவாங்கு பாறையில் கிணுங்கியது. மாமாவுக்கு இன்னும் இரண்டு அடி உடைக்க ஆசை. வேண்டாம் என்றேன். அடியிலிருந்து 19 அடி உயரத்துக்குக் கருங்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கினோம், பக்கத்தால் தண்ணீர் உள்ளே வர. அதன் மேலே 12 அடிக்குச் செங்கல்லும் சீமெந்தும், வெளியே களி இறுக்கி, மேல்தண்ணீர் நேரே இறங்காதபடி. சுற்றிவர நாலு அடி அகலத்துக்குச் சீமெந்துத் தளம், மூன்றரை அடிக் கட்டு, கம்பி வலை மூடி. கட்டு இல்லாமல் விட்ட விவசாயக் கிணறுகளுக்குள் யானை விழுவது இந்த மாவட்டத்தின் உட்பகுதிகளில் புதிதல்ல. எங்கள் ஓடைக்கரையிலும் வருடத்தில் இரண்டு தடவையாவது காலடி காணப்படும்.

செலவைக் கேட்பார்கள். வெட்டுக்கும் கட்டுக்கும் சேர்த்து, ரிக்குக்குக் கொடுத்ததை விடச் சற்றுக் குறைவு. மின்தடை ஆய்வுக்குக் கொடுத்தது ரிக் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஊறும் அளவு

மழை தொடங்கும் முன், வேண்டுமென்றே ஆண்டின் மோசமான வாரத்தில் அளந்தோம். நிலை மட்டம், அதாவது இறைக்காதபோது தண்ணீர் நிற்கிற மட்டம், தரையிலிருந்து 20 அடி. ஆகவே உள்ளே 11 அடி, 8,800 லீற்றர். அதில் ஆறு அடியை இறைத்துவிட்டு நிறுத்தி, நேரம் பார்த்தேன். மூன்று மணித்தியாலத்தில் மூன்று அடி ஏறியது. மற்ற மூன்று அடியும் அவ்வளவு விரைவாக வரவில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் முடியும்போது பழைய மட்டத்துக்கு நாலு அங்குலம் குறைவாக நின்றது. இதற்குக் காரணம் எளிது. கிணற்றின் மட்டத்துக்கும் வெளியே நிலத்தின் மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாடுதான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. கிணறு நிறைய நிறையத் தள்ளுதல் குறையும். மோட்டர்க்காரர் ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்து 'மணிக்கு இவ்வளவு' என்று சொல்கிற கணக்கு, கிணற்றில் முன்னரே கிடந்த தண்ணீரை ஊற்றாக எண்ணுகிற கணக்கு. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 4,500 லீற்றர் என்பதுதான் எங்கள் உண்மையான வருமானம், அதுவும் மழைக்கு முந்திய மோசமான வாரத்தில்.

தண்ணீர்ப் பரிசோதனையில் புளோரைட் 0.6, மொத்தக் கடினத்தன்மை 210. நியமத்தின் உச்சம் 250. நைத்திரேற்று 12, உச்சம் 50. இரும்பு சற்றே தூக்கல். வாளியில் ஒரு நாள் வைத்தால் அடியில் கறல் நிறம் படியும். முதல் பரிசோதனையில் கிருமி இருந்தது. ஆட்கள் ஒரு மாதம் உள்ளே நின்று வேலை செய்த கிணற்றில் இல்லாவிட்டால்தான் அதிசயம். 30 வீதக் குளோரின் உள்ள தூள் ஒன்றரைக் கிலோவை வாளியில் கரைத்து, தெளிந்ததை ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் விட்டு, மணம் போகும் வரை இறைத்தோம். இரண்டு கிழமை கழித்து எடுத்த மாதிரியில் கிருமி இல்லை.

நிலாவெளிக்காரர் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம்

என் மச்சான் ஒருவர் நிலாவெளியில், கடற்கரையிலிருந்து 300 யார் தள்ளி இருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தானும் 30 அடி அடிக்கப் போவதாகச் சொன்னார். அவருடையது வேறு நிலம். அங்கே மணல்; மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. நன்னீர் லீற்றருக்கு ஒரு கிலோ, கடல்நீர் 1.025 கிலோ, அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும். மேல்மட்டத்தை ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழே இருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். அங்கே ஆழமாக அடிப்பதும் வேகமாக இறைப்பதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள். 2004 மார்கழி 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்யப் போனபோது, அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாம் என்று நிபுணர்கள் சொன்னது இதனால்தான். கடைசியில் அந்தக் கிணறுகளைக் கழுவியது மாரி மழை. மச்சான் 18 அடியோடு நிறுத்திவிட்டு, மெல்ல இறைக்கிற சின்ன மோட்டரைப் போட்டிருக்கிறார். நல்ல தண்ணீர். பக்கத்துக் காணியில் 45 அடிக்குப் போனவருக்குச் சவர்.

ஒரு வருடத்துக்குப் பிறகு

2024 தையில் தண்ணீர் தரையிலிருந்து ஆறு அடிக்கு வந்தது. குனிந்து வாளியால் அள்ளலாம். மாமா கையோடு ஓர் அரைக் குதிரைவலு மோட்டரைக் கிணற்றடியில் பொருத்தினார். ஆடி வரை பிரச்சினை இல்லை. ஆவணியில் மட்டம் 21 அடிக்குப் போய், இறைக்கும்போது இன்னும் நாலைந்து அடி இறங்க, மோட்டர் காற்றை இழுத்து ஓலமிட்டது. 25 அடிக் கணக்கை எனக்கு முன்னரே தெரியும், வெட்டும்போது அதை வைத்துத்தான் வாதாடினேன், ஆனால் தையில் நிறைந்த கிணற்றைப் பார்த்தபோது அது நினைவில் இல்லை. நீர்மூழ்கி மோட்டர் வாங்க வேண்டியதாயிற்று.

அடைத்த துளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைச் சும்மா மூடி வைத்தால் போதாது. பிள்ளை விழக்கூடிய ஆபத்து ஒருபுறம், மேலிருந்து அழுக்கு நேரே ஆழத்துக்கு இறங்குகிற வழி மறுபுறம். மழைநீரை அதற்குள் விடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கூரையையும் முற்றத்தையும் கழுவிய தண்ணீரை வடிகட்டாமல் விட மனம் வரவில்லை. அடியில் கற்தூளும் மேலே களியும் போட்டு, கடைசி பத்து அடியைச் சீமெந்துக் கலவையால் நிரப்பினோம்.

கிணற்றின் உட்சுவரில் ஓர் அடிக்கு ஒரு கோடு என்று வெள்ளை வர்ணத்தால் கீறியிருக்கிறேன். மாமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இறைப்பதற்கு முன் மட்டத்தைப் பார்த்துச் சுவர்க் கலண்டரில் குறிக்கிறார். குளம் எப்போது வான் பாய்ந்தது, எப்போது வற்றியது என்பதும் அதிலேயே இருக்கிறது. குளம் வற்றி மூன்று கிழமைக்குப் பிறகுதான் கிணறு இறங்கத் தொடங்குகிறது என்பதை அவரே கண்டுபிடித்தார்.

போன மாதம் ஓடைக்கு அப்பால், எங்கள் கிணற்றிலிருந்து ஏறத்தாழ 200 அடியில், ஒருவர் பதினெட்டு அடி விட்டத்தில் விவசாயக் கிணறு வெட்டத் தொடங்கியிருக்கிறார். வெங்காயம் போடப் போகிறாராம், இரண்டு அங்குலப் பம்ப். மாமா கலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். சண்டைக்கு என்று நினைத்து மாமி என்னைப் பின்னால் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் மண்குவியலின் மேல் உட்கார்ந்து, ஆவணி மாதத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இறைக்கிற நாளில் நீங்கள் இறைக்க வேண்டாம், மட்டத்தை இரண்டு பேரும் குறிப்போம் என்பது வரைக்கும் பேச்சு வந்திருந்தது. அந்த மனிதரிடம் கலண்டர் இல்லை. மாமா அடுத்த கிழமை ஒன்று கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.